முதலில் கிளம்புகிற வண்டி

சின்னவள் பார்த்த வேலையை வெளியாரிடம் விளக்கிச் சொல்ல முடியாது. "கம்ப்யூட்டர் வேலை" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அதோடு விட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது. உள்ளதைச் சொல்வதென்றால், உலகத்தில் இருக்கிற விமான நிலையங்களில் ஏதாவது இரண்டை எடுத்துக்கொண்டு, இதிலிருந்து அதற்கு எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று ஒரு பக்கம் எழுதி இணையத்தில் போட வேண்டும். அது முடிந்ததும் வேறு இரண்டு. சாயங்காலம் வரைக்கும் இதே பிழைப்பு.

அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் விமானம் ஓடுகிறதா என்று கேட்கிறீர்களா? அதைத்தான் அந்த ஆபீசில் ஒருவரும் கேட்கவில்லை. வரைபடத்தில் நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் தூரத்தை எடு, விமானத்தின் வேகத்தால் வகு, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர். தீர்ந்தது. இது முதலாளி தன் கையால் போட்ட கணக்கு. அந்த அரை மணியைச் சேர்த்ததில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. யார் எப்போது கூப்பிட்டாலும் "அரை மணில வரேன்" என்று சொல்லி வராமல் இருப்பவரும் அவர்தான். அதனால் ஆபீசில் அவருக்கு அரைமணி என்று பெயர்.

"ஜனங்க ராப்பகலா எதையாவது தேடிக்கிட்டேதான் இருப்பாங்க. தேடி வந்தா நம்ம பக்கத்துல வந்து விழணும். விழுந்தா விளம்பரம் கண்ணுல படும். அவ்வளவுதாம்மா தொழில்" என்பார் அரைமணி.

"நேரம் தப்பா இருந்தா, சார்?"

"நம்ம பக்கத்த நம்பி எவனாவது விமானம் ஏறுவானா? டிக்கெட் வாங்கறப்ப உண்மை தெரிஞ்சிடப் போகுது."

தமிழ்ப் பக்கங்களுக்குச் சின்னவள் ஒருத்திதான். அந்தப் பக்கங்களை ஈ காக்கை எட்டிப் பார்க்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரே எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு எண் தெரியும். எந்த நாட்டிலிருந்து என்றும் காட்டும், அதை யாரும் பார்ப்பதில்லை. அவளுடையவற்றுக்கு நேரே வரிசையாகச் சைபர். ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் சில வாரங்களாகத் தினம் ஒன்று. இரண்டும் கிடையாது, சைபரும் கிடையாது. ஆபீஸ் மூடுகிற நேரத்துக்கு, ஆறு மணி வாக்கில், தவறாமல் ஒன்று.

"வந்துட்டாருடீ உன் ரசிகர்" என்று பக்கத்து சீட்டுக்காரி தினமும் சத்தமாக அறிவிப்பாள். ரசிகருக்கு வழுக்கைத் தலையா, கல்யாணம் ஆனவரா என்றெல்லாம் ஆராய்ச்சி நடக்கும். சின்னவளும் சிரிப்பாள்.

அந்தப் பக்கம், அக்கா வாழப் போன ஊருக்கும் இவர்கள் ஊருக்கும் நடுவிலான தூரத்தைப் பற்றியது. அக்காவின் நினைப்பு வந்த ஒரு நாளில் சின்னவளே தேர்ந்தெடுத்து எழுதியது. பதின்மூன்று மணி நாற்பது நிமிடம் என்று கணக்கு சொன்னது. அட, அவ்வளவுதானா! அக்கா கல்யாணமாகிப் போனபோது இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, இரண்டு நாள் கழித்துத்தான் சேர்ந்தாள். நேர் விமானம் கிடையாது என்று சின்னவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அக்கா அவ்வளவு பக்கத்தில் இருப்பதாக ஒரு எண் சொன்னபோது அதை மறுக்க மனசு வரவில்லை. அரைமணி வேறு அப்போதுதான், "கொஞ்சம் உயிரோட்டமா எழுதும்மா, படிச்சா தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சரி, தூக்கம்தானே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும்.'

அதோடு மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவோடு பேசுகிற நாள். பேசுகிறது என்று பெயர்தான். போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு, பக்கத்தில் மாமா, அக்காவின் புருஷன், உட்கார்ந்திருப்பார். அக்காவின் போனுக்கு எது வந்தாலும் அவர் போனிலும் தெரியும்படி செய்து வைத்திருந்தார். வீட்டு போன் அடித்தாலும் அவர் போனில் சேர்ந்து அடிக்கும். பாதுகாப்புக்கு என்றார். மாமாவுக்குக் காற்றாலைகளைப் பழுது பார்க்கிற உத்தியோகம். மாதத்துக்கு ஒரு தடவை தூரத்து மலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்குவார். அப்போதும் மறுநாள் காலை ஏழு மணிக்கு வீட்டு போனுக்குக் கூப்பிடுவார், அக்கா எடுக்க வேண்டும்.

குரல் என்னவோ தேன்தான். "அத்தை, மூட்டு வலி எப்படி இருக்கு? தைலம் அனுப்பினேனே, தேய்க்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அம்மா உருகிப் போவாள். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்பாள். போன வருஷம் அக்காவின் இடது கையில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். நாலு மாதம் கழித்துப் புருவத்தில் தையல். மறுபடி வழுக்கியதாம். ஒரே வீட்டில் ஒரே ஆள் எத்தனை தடவை வழுக்கி விழுவாள்? சின்னவள் ஒரு தரம் அம்மாவிடம் கேட்டாள். "கண்டத நினைக்காத. அவ குடும்பம், அவ பாத்துப்பா" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

அந்த ஞாயிறு அம்மா கடைக்குப் போயிருந்தாள். மாமா வழக்கம்போல் தேனாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அங்கே வாசல் மணி அடித்தது. யாரோ சாமான் கொண்டுவந்திருக்க வேண்டும், எழுந்து போனார். நாற்காலி நகர்ந்த சத்தம் அடங்குவதற்குள் அக்காவின் குரல் மாறிவிட்டது.

"குறுக்க பேசாத, கேளு. வெள்ளிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கிட்டு கிளம்பறேன். அவர் வியாழக்கிழமை மலைக்குப் போறாரு, வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாரு. காலைல ஏழு மணி போனை எடுத்துப் பேசிட்டு, வெச்ச கையோட கிளம்பிடுவேன்."

"அக்கா, டிக்கெட்..."

"ஏர்போர்ட்ல போய் வாங்கிப்பேன். வளையலை வித்துட்டேன். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி அதுக்கு உதையும் வாங்கியாச்சு."

"அவ்வளவு தூரம் எப்படிக்கா..."

"பதிமூணு மணி நேரம்தான்டீ! முன்ன மாதிரி இல்ல, இப்ப நேரா விமானம் விட்டுட்டாங்க போல. நம்ம தமிழ்லயே போட்டிருக்கு. ஒரு தூக்கம் போட்டு எழுந்தா ஊர் வந்துடுமாம். அவர் வேலைக்குப் போனதும் பாப்பாவோட டேப்ல தினம் ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டு அழிச்சிடுவேன். அதப் பாத்தாத்தான் அன்னிக்குப் பொழுது ஓடுது. அவர் வந்து கதவத் திறக்கறப்ப நான் நம்ம ஊர் கிட்ட வந்திருப்பேன். அம்மாகிட்ட மூச்சு விடாத, நேரா அவர்கிட்ட ஒப்பிச்சிடுவா."

சின்னவள் போனைக் கையில் எடுத்தாள். அந்தப் பக்கத்தை எழுதியது நான், அது வெறும் வகுத்தல் கணக்கு, நம்பாதே என்று கத்த வேண்டும். வாயைத் திறப்பதற்குள் நாற்காலி மறுபடி நகர்ந்தது.

"என்ன, அக்கா தங்கச்சி ரகசியம் பேசறீங்களா?" மாமா சிரித்தார்.

"ரகசியம் என்ன, பாப்பாவுக்குப் பல் ஆடுதுன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றாள் அக்கா. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! பழகிப் போயிருக்கிறது.

"அக்கா" என்றாள் சின்னவள், "நெட்ல போடறதெல்லாம் நம்பாதக்கா. சும்மா வாய்க்கு வந்தத எழுதி வெச்சிடறாங்க."

"எத நம்பக்கூடாது?" மாமாவின் குரலில் தேன் கொஞ்சம் குறைந்தது.

"சமையல் குறிப்பு, மாமா. உப்பு அளவெல்லாம் தப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், ஒன்றும் புரியாமல். அடுத்த பேச்சு அடுத்த ஞாயிறு. வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால் வந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் சின்னவள் ஆபீசுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பதின்மூன்று மணி நாற்பது நிமிடம். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால். பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பிறகு மாடிப்படிக்குப் போய் நிஜமான டிக்கெட் ஆபீஸ் ஒன்றைப் போனில் கூப்பிட்டாள். தூரங்களைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவள், ஒரு தரமாவது டிக்கெட் விற்கிறவர்களிடம் கேட்டது அன்றைக்குத்தான்.

"நேர் விமானமா? எந்தக் காலத்துல மேடம்?" என்றாள் டிக்கெட் பெண். "அங்கேர்ந்து ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஒண்ணு கிளம்புது. ரெண்டு இடத்துல மாறணும். எப்படியும் ஒன்றரை நாள் வெச்சுக்குங்க."

சின்னவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். காலை எட்டு மணிக்கு அக்கா குழந்தையோடு அந்த ஏர்போர்ட்டுக்குப் போவாள். ராத்திரி பத்து வரைக்கும் விமானம் இல்லை. ஒன்பது மணிக்கு மாமா கதவைத் திறப்பார். வீட்டில் ஆள் இல்லை, பாஸ்போர்ட் இல்லை என்றால் அவர் வேறு எங்கே போய்த் தேடப் போகிறார்? காரில் போனால் அரை மணிகூட ஆகாது. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கு எதிரே போய் நின்று, பத்துப் பேர் முன்னால் தேனாக, "வாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்பார். அப்புறம் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதைச் சின்னவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

எப்படிச் சொல்வது? போன் போட்டால் மாமாவுக்குத் தெரியும். செய்தி அனுப்பினால் மாமா படிப்பார். அக்கம்பக்கத்தார் யாரையும் தெரியாது. அந்த வீட்டுக்குள் மாமாவுக்குத் தெரியாமல் நுழைகிற சந்து ஒன்றே ஒன்றுதான். தினமும் இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்கே மாமா காலையில் வேலைக்குக் கிளம்பியதும், அக்காவே வந்து திறந்து பார்க்கிற சந்து.

அடக் கடவுளே, ரசிகர்!

அப்பா நினைப்பு வந்தது. அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். அவரோடு பஸ் ஏறுவது என்றால் பெரிய கூத்து. எந்த பஸ் எங்கே போகிறது என்று பார்க்கவே மாட்டார். "முதல்ல கிளம்பற வண்டில ஏறு, ஊர அப்புறம் பாத்துக்கலாம்" என்று இரண்டு பெண்களையும் உள்ளே தள்ளிவிட்டு ஏறுவார். ஒரு தடவை கல்யாணத்துக்குக் கிளம்பி, சம்பந்தமே இல்லாத ஊரில் போய் இறங்கி, அங்கிருந்து மூன்று வண்டி மாறி, பந்தி முடிந்தபிறகு போய்ச் சேர்ந்தார்கள். அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அக்காவும் தங்கையும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஊருக்கு எவ்வளவு நேரம் என்று அக்கா தினமும் பார்க்கிறாள். அவள் பார்க்க வேண்டியது அது இல்லை. அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு எவ்வளவு நேரம் என்றுதான் பார்க்க வேண்டும்.

சின்னவள் உள்ளே போய் வரைபடத்தைத் திறந்தாள். அக்கா ஊருக்குத் தெற்கே, பேருந்தில் மூன்று மணி நேரத்தில், ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. அங்கிருந்து நண்பகலில் பக்கத்து நாட்டுக்கு ஒரு விமானம். ஒரு மணி நேரப் பறப்பு. இந்தத் தடவை கணக்கை நம்பவில்லை. மறுபடி டிக்கெட் பெண்ணைக் கூப்பிட்டாள். விமானம் உண்டா, தினமும் உண்டா, நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே இறங்கிய இடத்தில் அனுமதி தருவார்களா, ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் தனியாகப் போகலாமா? "எல்லாம் சரியா வரும் மேடம். நீங்கதான் போறீங்களா?" என்று கேட்டாள் டிக்கெட் பெண். "எங்கக்கா" என்றாள் சின்னவள்.

பிறகு பக்கத்தில் எழுதினாள். மாமா கண்ணில் பட்டாலும் சந்தேகம் வராதபடி, மற்றப் பக்கங்களின் வறட்டு நடையிலேயே எழுதினாள்.

'பயணிகள் கவனத்துக்கு: இந்த இரு நிலையங்களுக்கும் இடையே நேரடி விமானம் கிடையாது. மேலே உள்ள நேரம் தவறு. விமானம் இரவு பத்து மணிக்கு மேல்தான் புறப்படும். பயணம் ஒன்றரை நாள். பகலில் புறப்பட வேண்டியவர்கள் காலைப் பேருந்தில் தெற்கே உள்ள சிறு விமான நிலையத்துக்குச் செல்லலாம். அங்கிருந்து நண்பகலில் பக்கத்து நாட்டுக்கு விமானம் உண்டு. மேற்கொண்டு பயணத்தை அங்கிருந்து அமைத்துக்கொள்ளலாம்.'

அதன் கீழே, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் என்ற வரியை அழித்துவிட்டு, 'முதலில் கிளம்புகிற வண்டியில் ஏறு, ஊரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று போட்டாள். அப்பாவின் பேச்சை அக்காவைத் தவிர அந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

ஆறு மணிக்கு எண் மாறியது. ஒன்று.

"ரசிகர் வந்துட்டாருடோய்!" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. சின்னவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இதில் ஒரு தலைவலி இருந்தது. தினமும் ராத்திரி இயந்திரம் எல்லாப் பக்கங்களையும் முதலில் ஏற்றியபடியே மறுபடி போட்டுவிடும். பிறகு கை வைத்து மாற்றியது எதுவும் தங்காது. செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்தால் மறுபடி பதின்மூன்று மணி நாற்பது நிமிடம், ஒரு தூக்கம். சின்னவள் எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். அன்றைக்கு ஆறு மணிக்கு ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாயிற்று. பிறகு நான்கு.

நான்கு! அக்கா திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டாள். சின்னவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

புதன்கிழமையும் காலையில் வந்ததும் எழுதினாள், ஆனால் அன்றைக்கு எல்லாம் நாசமாய்ப் போயிற்று. சாயங்காலம் வேறு சில பக்கங்களைத் திருத்தித் தரச் சொல்லி அவளை அடுத்த அறைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறே காலுக்குத் திரும்பி வந்தால், அந்தப் பக்கத்தில் பழைய எண் பல்லை இளித்துக்கொண்டு இருக்கிறது. மாற்றப் போனால் கை வைக்க விடவில்லை. பூட்டியிருந்தது. நேராக அரைமணியின் அறைக்குப் போனாள்.

"வாம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் அவர். "யாரக் கேட்டு அந்தப் பக்கத்துல கை வெச்ச? 'மேலே உள்ள நேரம் தவறு'ன்னு நம்ம பக்கத்துலயே எழுதினா, மத்த பக்கத்த எவன் நம்புவான்? நல்லவேளை, அஞ்சரைக்கே பாத்துட்டேன். பழையபடி போட்டுட்டேன்."

"எத்தன மணிக்கு சார்?"

"அஞ்சரைக்குன்னு சொன்னேனே."

ஆறு மணிக்கு அக்கா வந்திருப்பாள். வந்து, நேர் விமானம் இல்லை என்று இரண்டு நாள் சொன்ன பக்கம் மறுபடி பதின்மூன்று மணி நேரம் என்று சொல்வதைப் பார்த்திருப்பாள்.

"சார், அந்தப் பூட்டத் திறங்க. இப்பவே."

"என்னம்மா அதட்டறே? நம்ம பக்கத்த நம்பி எவனாவது..."

"எங்கக்கா ஏறப் போறா சார்! வெள்ளிக்கிழமை குழந்தையத் தூக்கிக்கிட்டு ஏறப் போறா! உங்க அரை மணியும் சேத்து நம்பிக்கிட்டு!" அடக்கி வைத்திருந்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. "அவள அவன் அடிக்கிறான் சார். கைய உடைச்சான். நெத்திய உடைச்சான். நாங்க எல்லாரும் வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். தினம் ஒருத்தர் வராங்களே, ரசிகர், அது அவதான் சார்."

மாமாவை 'அவன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அடிக்கிறான் என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதும் அதுதான் முதல் தடவை. அம்மாவிடம்கூடச் சொல்லாததைப் போயும் போயும் அரைமணியிடம் சொன்னாள்.

அரைமணி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். பிறகு உட்கார்ந்து பூட்டைத் திறந்தார். அவளுடைய வரிகளை அவள் சொல்லச் சொல்ல அவரே அடித்தார். "இனிமே இயந்திரம் இந்தப் பக்கத்தத் தொடாத மாதிரி பண்ணிட்டேம்மா" என்றார். அப்புறம் இருவரும் எண்ணைப் பார்த்தார்கள். புதன்கிழமைக்கு நேரே ஒன்று. வந்து போய்விட்டாள். எட்டு மணி வரைக்கும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரவில்லை.

வியாழக்கிழமை சைபர்.

மாமா அன்றைக்கு மலைக்குப் போயிருக்க வேண்டும். அப்படியானால் அக்கா தைரியமாகப் பார்த்திருக்கலாமே, ஏன் பார்க்கவில்லை? டேப்பை அவர் எடுத்துப் போய்விட்டாரா? கண்டுபிடித்துவிட்டாரா? எதை நம்புவது என்று தெரியாமல் வெறுத்துப்போய் மூடி வைத்துவிட்டாளா? வெள்ளிக்கிழமையும் சைபர். பக்கத்து சீட்டுக்காரி அறிவிப்பை நிறுத்திவிட்டாள். அவளிடம் அரைமணி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், போகும்போது சின்னவளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். இங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் அங்கே காலை. இந்நேரம் அந்த ஏழு மணி போன் அடித்து முடிந்திருக்கும். அக்கா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதுதான் தெரியவில்லை. சின்னவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை காலையில் அம்மாவின் போன் அடித்தது. மாமா. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் போடுவாள்.

"அத்தை, மூட்டு வலி எப்படி இருக்கு?"

"இருக்கு மாப்ள. என்ன, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. அவ உங்களுக்கு போன் ஏதாவது பண்ணாளா?" குரல் தேன்தான், ஆனால் மூச்சு வாங்கியது. "வீட்ல இல்ல அத்தை. பாப்பாவையும் காணோம். ஏர்போர்ட்ல ஒரு இடம் விடாம தேடிட்டேன், அங்கயும் இல்ல. சின்னவளுக்குத் தெரியாம இருக்காது. அவளக் கொஞ்சம் கூப்பிடுங்க."

ஏர்போர்ட்டில் இல்லை! சின்னவளுக்கு ஒரு நிமிஷம் கால் தரையில் பாவவில்லை. அடுத்த நிமிஷமே பயம் கவ்விக்கொண்டது. அங்கே இல்லை என்றால் எங்கே? பஸ்ஸில் ஏறினாளா? நடுவழியில் குழந்தையோடு நிற்கிறாளா?

அம்மா சின்னவளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததையெல்லாம் படித்துவிட்டாள். இனி மாப்பிள்ளையிடம் ஒப்பித்துவிடுவாள் என்று சின்னவள் போனைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"சின்னவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா. "அவ கை உடைஞ்சப்ப பக்கத்துல இருந்தது நீங்க. புருவம் கிழிஞ்சப்ப பக்கத்துல இருந்தது நீங்க. இப்பக் காணோம்னா என்னை வந்து கேக்கறீங்க? எம் பொண்ணும் பேத்தியும் எங்கன்னு நான்தான் உங்களக் கேக்கணும். சொல்லுங்க, எங்க?"

"அத்தை, நீங்க தப்பா..."

"தைலத்த வேணா திருப்பி அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். "பேசினது சரியாடீ?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாம இல்ல. போன மாசம் அனுப்பின போட்டோலகூட முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. கேட்டா நிஜமாயிடுமேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

சின்னவள் கீழே உட்கார்ந்து அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தான் எழுதிய பக்கம், பதின்மூன்று மணி நேரம், நான்கு, ஒன்று, சைபர், சைபர். "நான் எழுதினத நம்பித்தாம்மா கிளம்பினா. எதை நம்பினான்னு தெரியல. ஏதாவது ஆச்சுன்னா நான்தான்மா." அம்மா தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்போது சின்னவளின் போன் அடித்தது. அரைமணி. லீவு நாளில் அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

"ஏம்மா, பாத்தியா? பக்கத்தப் பாத்தியா?" அவருக்கும் மூச்சு வாங்கியது. "காலைலேர்ந்து திறந்து வெச்சு உக்காந்திருக்கேன். ரசிகர் வந்துட்டாங்கம்மா! இப்பத்தான். ஒண்ணு காட்டுது. ஆனா நாடு வேற காட்டுது. பக்கத்து நாடு. நீ எழுதினியே, அதே நாடு!"

சின்னவள் போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். "ரெண்டாயிடுச்சும்மா, இப்ப ரெண்டு காட்டுது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்னடீ, என்னடீ, சொல்லித் தொலையேன் என்றாள். சின்னவள் சொன்னாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஊரில் யாரும் இதுவரை சின்னவளிடம் நேராகக் கேட்டிராத கேள்வியைக் கேட்டாள்.

"அங்கேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம்டீ ஆகும்?"

தினமும் அதையே எழுதிச் சம்பளம் வாங்குகிறவள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலம்மா" என்றாள்.

"ஆகட்டும்" என்றாள் அம்மா. "கிளம்பிட்டா இல்ல."